கல்லடியில் ஒரு ஹலோவீன் இரவு: சிக்கனமாக, இரத்தக் கறை இல்லாமல்

2023 ஒக்டோபரில், கனடாவில் இருந்து வந்திருந்த மச்சாளின் ஆசைக்காக மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் முற்றத்தில், மேலைநாட்டார் பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹலோவீனுக்கு ஒரு விருந்து வைத்தேன். 92,000 ரூபாய் போயிற்று. கொழும்பில் இருந்து வரவழைத்த பிளாஸ்டிக் மண்டையோடுகள் நவம்பர் 2ஆம் திகதி, ஆற அமர வந்து சேர்ந்தன. போலி இரத்தம் விறாந்தைச் சுவரில் தெறித்து, கழுவியும் போகாமல், கடைசியில் பெயின்ட் அடிக்க வேண்டியதாயிற்று. எட்டு மணிக்கு இடியோடு மழை கொட்டியது. நண்டுக் கறி பாதிக்கு மேல் மிஞ்சியது.

2025இல் மறுபடி வைத்தேன். 18 பேர், 41,000 ரூபாய். ஒருவர்கூடக் கைப்பேசியை எடுத்து நேரம் பார்க்கவில்லை. இரண்டுக்கும் இடையில் நான் பட்டுத் தெளிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், முதல் தடவை பொருள்களை வாங்கினேன். இரண்டாம் தடவை இருட்டைக் கவனித்தேன். இருட்டுக்கு யாரும் விலை கேட்பதில்லை.

1. திகதியைப் பஞ்சாங்கத்தோடு சேர்த்துப் பாருங்கள் (ஆறு வாரம் முன்)

ஹலோவீன் ஒக்டோபர் 31 என்று கண்ணை மூடிக்கொண்டு அழைப்பு அனுப்பிவிடாதீர்கள். 2023இல் அந்த நாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாயும் வெள்ளியும் நம் வீடுகளில் பாதிப் பேர் மச்சம் தொடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் ‘ஹலோவீன்’ என்ற சொல் தலைக்குள் ஏறியவுடன் கிழமை மறந்து போயிற்று. நண்டு மிஞ்சிய கதை அதுதான். 2024இல் ஒக்டோபர் 31 தீபாவளியாகவே வந்தது. 2025இல் வெள்ளிக்கிழமை. ஒரு வாரம் முன்னால் தள்ளலாம் என்றால் கந்தசஷ்டி விரதம். ஆகவே நவம்பர் 1 சனிக்கிழமை வைத்தேன். மறுநாள் காலை கல்லறைக்குப் போக வேண்டிய கத்தோலிக்க நண்பர்கள் மூவர், பத்து மணிக்கு முடித்துவிட்டால் வருகிறோம் என்றார்கள். முடித்தேன்.

2026இல் 31ஆம் திகதி சனிக்கிழமை, வசதியான நாள். ஆனால் கேதார கௌரி விரதக் காலத்துக்குள் விழுகிறது. உங்கள் அழைப்புப் பட்டியலில் காப்புக் கட்டப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஐந்துக்கு மேல் என்றால் மேசை முழுவதையும் மரக்கறியாக்கிவிடுவது மலிவு, தொல்லையும் இல்லை.

2. எத்தனை பேர் என்பதை மழையிடம் கேளுங்கள்

ஒக்டோபர் கடைசியில் மட்டக்களப்பில் பின்னேர மழை விருந்தாளி போல: வருவேன் என்று சொல்லாது, வந்தால் போகாது. ஆகவே முற்றத்தின் அளவை வைத்துத் தலை எண்ணாதீர்கள். விறாந்தையிலும் முன் அறையிலும் கதிரைகளைப் போட்டுப் பாருங்கள். நெருக்கமில்லாமல் எத்தனை கதிரை பிடிக்கிறதோ அத்தனை பேரை அழையுங்கள். எங்கள் வீட்டில் 18.

மழைக்குப் பயந்து மண்டபம் எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். நானும் 2023இல் நகரில் ஒரு மண்டபத்துக்கு முற்பணம் கட்டினேன். பற்றுச்சீட்டில் ‘முற்பணம்’ என்ற ஒற்றைச் சொல்லும் தொகையும் மட்டும் இருந்தன. திட்டம் மாறியபோது அந்தத் தொகை அங்கேயே தங்கிவிட்டது. மண்டபம்தான் வேண்டுமென்றால் நான்கு விடயங்களை எழுத்தில் வாங்குங்கள்: இரத்துச் செய்தால் எவ்வளவு திரும்பும், மின்சாரக் கட்டணம் தனியா, துப்புரவுக்கு யார் பொறுப்பு, எத்தனை மணிக்குக் கதவைப் பூட்டுவார்கள். கடற்கரையில் வைக்கலாமே என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். காற்றில் ஒரு மெழுகுதிரிகூட நிற்காது. விட்டுவிடுங்கள்.

3. அழைப்பிதழ்: ‘குடும்பத்துடன்’ என்ற சொல்லைத் தவிருங்கள் (மூன்று வாரம் முன்)

பெரியவர்களுக்கு மட்டும் என்று சொல்வது நம் ஊரில் கடினம். அழைப்பில் எழுதினால் கோபிப்பார்கள், எழுதாவிட்டால் நான்கு பிள்ளைகளோடு வருவார்கள். நான் கண்ட வழி: இருவரின் பெயரையும் எழுதி, ‘உங்கள் இருவருக்கும் இரண்டு கதிரைகள் ஒதுக்கியிருக்கிறோம்’ என்று முடிப்பது. அதையும் மீறி ஒரு சின்னம்மா பேரனோடு வந்தார். பேரன் பேய்க்கதைக்கு அஞ்சாமல் தூங்கிவிட்டான். சின்னம்மாதான் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அழைப்பில் இன்னும் மூன்று விடயங்கள் இருக்கட்டும். உடையின் நிறம், தொடங்கும் நேரம், முடியும் நேரம். மாலை ஆறு மணிக்கே இங்கே இருட்டிவிடுகிறது, ஆகவே 6.30க்குத் தொடங்கிப் பத்துக்கு முடிக்கத் தாராளமாக நேரம் உண்டு. 6.30 என்று போட்டால் 7.15க்கு வருவார்கள் என்பது வேறு கதை. அதனால் ‘சரியாக 7 மணிக்கு மின்விளக்குகள் அணையும்’ என்று எழுதினேன். என்ன நடக்கிறதென்று பார்க்கும் ஆவலில் 6.50க்கே எல்லோரும் உள்ளே. முடியும் நேரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். மட்டக்களப்பார் வந்தவர்களைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரில் சொல்வார்கள். உள்ளூர் விருந்தாளிகள் தாமாகவே ஒட்டிக்கொள்வார்கள்.

வேறு சமயத்தவரை அழைக்கும்போது மறைக்காமல் சொல்லுங்கள். சில கிறிஸ்தவ சபைகளுக்கு ஹலோவீன் என்ற பெயரே ஆகாது. முஸ்லிம் நண்பர்களிலும் சிலர் வரமாட்டார்கள். ‘கறுப்பு உடையில் ஓர் இராச் சாப்பாடு, கதை சொல்லல்’ என்று விளக்கினேன். காத்தான்குடியில் இருந்து இரண்டு தோழிகள் வந்தார்கள். ஒருவர் நாகரிகமாக மறுத்தார். அவருக்கு மறுநாள் வட்டிலப்பத்தில் ஒரு துண்டு போயிற்று.

4. அனுமதி, கடிதம் (இரண்டு வாரம் முன்), அயல் (ஒரு வாரம் முன்)

வீட்டுக்குள் மட்டும் கேட்கும் சிறிய ஸ்பீக்கர் என்றால் அலைச்சல் எதுவும் இல்லை. ஒலிபெருக்கி கட்டுவதென்றால் உங்கள் பிரிவுப் பொலிஸ் நிலையத்தில் அனுமதி எடுக்க வேண்டும். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், திகதி, தொடங்கும் முடியும் நேரம், இடம், இவற்றோடு ஒரு கடிதமும் அடையாள அட்டைப் பிரதியும் கொண்டு போங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடையாது. அதைத் தெரிந்துகொண்டே ‘12 மணி வரை’ என்று எழுதி, கடிதத்தைத் திரும்ப எழுதிய ஒருவரை எனக்குத் தெரியும். அவரோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன்.

செலவைப் பகிர்வதற்காக டிக்கெட் அடிக்க வேண்டாம். டிக்கெட் விற்றால் அது வீட்டு விருந்தாக இராது, பொதுக் களியாட்டமாகிவிடும்; மாநகர சபையின் கேளிக்கை வரி வரும். படலையில் காசு வாங்கிக்கொண்டு மது ஊற்றினால், உரிமம் இல்லாமல் மது விற்ற குற்றம். நெருங்கிய நான்கு பேர் முன்கூட்டியே செலவைப் பங்கு போட்டுக்கொள்வதில் சிக்கல் இல்லை. மது வைப்பதானால் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. நான் வைக்கவில்லை. பணமும் மிஞ்சியது, பத்து மணிக்கு எல்லோரும் நேராக நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

இப்போது அயல். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். 2023இல் கணவரின் நண்பர் ஒருவர், கறுப்பு அங்கியும் வெள்ளை முகமூடியும் போட்டு, மோட்டார் சைக்கிளைச் சந்தியில் நிறுத்திவிட்டு எங்கள் ஒழுங்கையால் நடந்து வந்தார். முதலில் நாய்கள். பிறகு இரண்டு வீட்டில் விளக்கு எரிந்தது. பிறகு டோர்ச்சும் கையுமாக நான்கு பேர், ஒருவர் கையில் உலக்கை. நான் ஓடிப் போய்ச் சேரும்போது நண்பர் வேலியோடு ஒட்டி, முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு, என் மாமியாரின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. 2011 ஆகஸ்டில், உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர்கள் இரவில் திரிகிறார்கள் என்ற ‘கிறீஸ் பூதப்’ பீதியில் இந்தப் பக்கம் ஊரே பொல்லோடு விழித்திருந்த இரவுகளை யாரும் மறக்கவில்லை.

ஆகவே: ஒழுங்கையில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிழமைக்கு முன் நேரில் போய்ச் சொல்லுங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள், ஒரு சீப்பு வாழைப்பழம் போதும். முகமூடியைப் பையில் கொண்டுவந்து வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும்படி விருந்தாளிகளிடம் கண்டிப்பாகக் கூறுங்கள். பொலிஸ், இராணுவச் சீருடை போன்ற உடை வேண்டாம். எந்தச் சமயத்தின் துறவி உடையும் வேண்டாம்.

5. வெளிச்சம்: தயிர் முட்டியும் கிழிந்த வலையும்

நேர்த்தி என்று நான் சொல்வது இந்தப் பகுதியைத்தான். போலிப் பிணமும் இரத்தமும் வேறு ஊர்களில் விளையாட்டாக இருக்கலாம். சுனாமி அடித்த கரையில், போரைப் பார்த்த வீடுகளில், அவற்றைத் தோரணமாகக் கட்ட எனக்கு இனி மனம் வராது. 2023இல் மாமி ஒருவர், மேசையில் கிடந்த ரப்பர்க் கையைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து குசினிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த இரவோடு அந்தக் கை குப்பைக்குப் போயிற்று.

பதிலாக, வெளிச்சத்தைக் கீழே இறக்குங்கள். எல்லா விளக்கும் முழங்காலுக்குக் கீழே இருக்கட்டும். கீழிருந்து வெளிச்சம் பட்டால் தெரிந்த முகமும் ஒரு கணம் தெரியாத முகமாகும். சுவரில் நிழல் ஆளைவிட இரண்டு மடங்கு உயரும். இதற்கு மேல் அலங்காரம் எதற்கு?

விளக்குக் கூடுகளுக்குத் தயிர் முட்டிகள். எருமைத் தயிர் வாங்கி முட்டியைக் கிணற்றடியில் கவிழ்த்து வைக்காத வீடு இங்கே உண்டா? ஒரு மாதத்துக்கு முன்பே அயலில் சொல்லிவைத்தேன். 34 முட்டிகள் சேர்ந்தன. கொதிநீரில் ஊறவைத்துத் தேய்த்தால்தான் புளித்த மணம் போகும். இரண்டு நாள் வெயில் காட்டுங்கள். சீமெந்துத் தரைக்குப் போடும் கறுப்புத் தூளைப் பசையில் கரைத்து வெளிப்புறத்தில் மட்டும் பூசுங்கள். உட்புறம் மண் நிறத்திலேயே இருக்கட்டும்: அடியில் ஒரு விரல் உயரம் கடற்கரை மணல், அதன்மேல் சிறிய மெழுகுதிரி. கொளுத்தியதும் கறுப்பு வாய்க்குள் அடுப்புத் தணல் போலச் சிவக்கும்.

ஓட்டை போட்டு ஒளிப் புள்ளிகள் வரவைக்க ஆசைப்பட்டால், முட்டியை ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, சுவர் துளைக்கும் ஊசியால் மெதுவாகத் துளையுங்கள். அவசரப்பட்டு நான் ஆறில் இரண்டை உடைத்தேன்.

சிலந்தி வலைக்குக் கடையில் விற்கும் பஞ்சு வேண்டாம். மழைக் காற்றில் நனைந்து தொங்கும். மீனவர் ஒருவரிடம் பழுதாகிப்போன தங்கூசி வலையை 500 ரூபாய்க்கு இரவலாக வாங்கினேன். இங்கே ஒரு பொறி இருக்கிறது: வலை நாறும். சவர்க்காரத் தூளும் பிழிந்த தேசிக்காய்த் தோலும் போட்ட தண்ணீரில் இரண்டு நாள் ஊறட்டும், நிழலில் காயட்டும். மாமரக் கிளையில் இருந்து விறாந்தைத் தூண் வரை மெல்லியதாக இழுத்துக் கட்டினால் பகலில் ஒன்றும் தெரியாது. இரவில் முட்டி வெளிச்சம் பட்டதும் அந்தரத்தில் இழை இழையாக மின்னும். வலை நைலோன், நெருப்புப் பட்டால் உருகிச் சொட்டும். விளக்குக்கும் வலைக்கும் குறைந்தது ஒரு மீற்றர் இடைவெளி விடுங்கள். இரண்டு வாளி மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கறுப்புத் துணிக்குக் காத்தான்குடிக் கடைகளில் அபாயாத் துணியின் வெட்டுத்துண்டு கேளுங்கள். பளபளப்பில்லாத துணியாகப் பார்த்து எடுங்கள். மேசைக்கு விரித்தால் வெளிச்சத்தை விழுங்கிக்கொண்டு கிடக்கும். படலையில் இரண்டு அரிக்கன் லாம்புகள். மூடுபனிக்கு இயந்திரம் வாடகைக்கு எடுக்க வேண்டியதில்லை. தணலில் தேங்காய்ப் பொச்சும் பச்சை வேப்பிலையும் போட்டால் மூடுபனி போலப் புகை பரவும், நுளம்பும் குறையும். சாம்பிராணி போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம்தான், ஆனால் பாதிப் பேருக்குப் பூசை நினைவு வரும், மீதிப் பேருக்குச் செத்த வீடு.

பூசணிக்காய் ஒன்று போதும். நம் சந்தைப் பூசணி தோல் தடித்தது. மேலே மூடி வெட்டாமல் அடியை வெட்டிக் குடைந்து விளக்கின்மேல் கவிழ்த்து வையுங்கள். பல் இளிக்கும் முகம் செதுக்க மணிக்கட்டு நோகும். ஒரு பிறை, நாலைந்து துளை, அழகாக இருக்கும். முதல் நாளே வெட்டினால் எறும்பு மொய்க்கும், அன்று காலையில் வெட்டுங்கள். குடைந்த சதை சூப்புக்கு.

6. உடை

கறுப்பு, அதனோடு ஒரே ஒரு சிவப்பு. அவ்வளவுதான் நிபந்தனை. எல்லோரிடமும் ஏதோ ஒரு கறுப்புச் சேலையோ சேட்டோ இருக்கிறது. முகமூடி கொண்டுவராதவர்களுக்குக் கறுப்பு மட்டையில் கண் மட்டும் மறைக்கும் முகமூடி இருபது வெட்டி வைத்தேன். செலவு 600 ரூபாய். கறுப்பு உடுத்துக்கொண்டு விளக்கு வைக்கிற நேரத்தில் படி தாண்டாதே என்று என் அம்மா முணுமுணுத்தார். பிறகு தன் பழைய கறுப்புக் காஞ்சிபுரத்தைத் தேடி எடுத்து அவர்தான் முதலில் உடுத்தி நின்றார்.

7. மேசை

மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இங்கே போகும். 41,000இல் சாப்பாடு 21,500, பானமும் ஐசும் 4,600, கதிரை, மேசை, தறப்பாள் வாடகை 4,800, மெழுகுதிரி, மண்ணெண்ணெய், முட்டிக்குப் பூசும் சாமான் 3,900, துணி 3,200, மட்டை, அழைப்பிதழ் 1,000, ஓட்டோவும் உதிரியும் 2,000.

உணவின் நிறம் கறுப்பாக இருக்கட்டும், ஆனால் சாயம் சேர்க்காதீர்கள். நம் சமையலில் கறுப்புக்குப் பஞ்சமா? வறுத்து அரைத்த தூளில் சுண்டவைத்த கணவாய்க் கறி, எள்ளுருண்டை, தொதல். மரக்கறிக்காரருக்குக் கத்தரிக்காய்க் கறுப்புக் கறியும் பீற்றூட் கட்லட்டும். பூசணி சூப்பைத் தேநீர்க் கோப்பையில் கொடுத்தேன். முடிவில், கறுப்பு முட்டியில் வெள்ளைத் தயிர், மேலே பாணி. மரக்கறிக் கரண்டியைத் தனியாக வையுங்கள். கோழி வாங்கினால் ஹலால் கடையில் வாங்குங்கள்.

பானத்தில்தான் அன்றைய மாயம். வேலியில் பூக்கும் நீலச் சங்குப்பூ முப்பது பறித்து, காம்பு நீக்கி, ஒரு லீற்றர் கொதிநீரில் பத்து நிமிடம் மூடி வைத்து வடித்துச் சீனி சேர்த்து ஆறவிடுங்கள். மை போல நீலம். கண்ணாடிக் குவளையில் பாதி ஊற்றி, பின்னால் ஒரு மெழுகுதிரி வைத்து, விருந்தாளி கையாலேயே தேசிக்காய் பிழியச் சொல்லுங்கள். புளி பட்ட இடத்தில் இருந்து நீலம் கலைந்து ஊதாவாகச் சுருண்டு இறங்கும். பேசிக்கொண்டிருந்த 18 பேரும் வாயடைத்து நின்ற ஒரே இடம் அது. செலவு தேசிக்காய்க்கும் சீனிக்கும் மட்டும்.

8. அன்றைய நாள், மணி மணியாக

காலை 8: சந்தை, பூசணி வெட்டு. 11: கறிகள் அடுப்பில். பகல் 2: தறப்பாள், வானம் நீலமாக இருந்தாலும், ஒரு பக்கம் சரிவாகக் கட்டாவிட்டால் நடுவில் குளம் கட்டி ஒருவர் தலையில் உடையும். 4: முட்டிகளை வரிசைப்படுத்துங்கள், மெழுகுதிரியை இன்னும் கொளுத்த வேண்டாம். 5.30: குளித்து உடுத்துங்கள்; இதைத் தள்ளிப்போட்ட தடவை நான் வியர்வையும் மஞ்சளுமாகப் படலையில் நின்றேன். 6.15: புகை, அரிக்கன் லாம்பு. 6.40: முட்டிகள். இரண்டு பேர் சேர்ந்து கொளுத்தினாலும் இருபது நிமிடம் ஆகும். 7: மின்விளக்கு அணைப்பு. இடி முழங்கினால் ஸ்பீக்கரின் வயரைக் கழற்றுங்கள்.

8.30க்குக் கதை. ஒவ்வொருவருக்கும் ஒரு முட்டி. கதை சொல்லி முடித்ததும் தன் விளக்கை ஊதி அணைக்க வேண்டும். நான்கு நிமிடத்துக்கு மேல் கூடாது. கேட்ட கதை வேண்டாம், தன் குடும்பத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் கதைதான் வேண்டும் என்று கேளுங்கள். கொத்திப் பேய்க்கு அஞ்சிப் பிள்ளை பெற்ற வீட்டு வாசலில் இரும்பு வைத்த கதையை மாமி சொன்னார். குசினிக்குள் போய் உட்கார்ந்த அதே மாமிதான். பதினாறாவது விளக்கு அணைந்தபோது மழை தொடங்கியது. யாரும் எழும்பவில்லை.

9. மறுநாள்

மெழுகு படிந்த முட்டிகளைக் குசினித் தொட்டியில் கழுவாதீர்கள், குழாய் அடைத்துவிடும். வெயிலில் வைத்து இளகியதும் கரண்டியால் சுரண்டுங்கள்; ஒரு பெட்டியில் அடுக்கினால் அடுத்த ஆண்டுக்குச் செலவு இல்லை. பூசணியை அன்று காலையே மாட்டுக்குக் கொடுத்துவிடுங்கள், மத்தியானத்துக்குள் நொந்துவிடும். வாடகைக் கதிரைகளை எண்ணி, எண்ணிக்கையைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். 2023இல் இல்லாத ஒரு கதிரைக்கு நான் காசு கட்டினேன்.

வலையை மடித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். சவர்க்கார மணம். “இனி இதில் ஒரு மீனும் படாது தங்கச்சி, நீங்களே வைத்திருங்கள்” என்றார்.